காய்ச்சலும் வருகைப் பதிவேடும்

தலைநகரில் வாழும் நம்மவர்க்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா புதிதன்று. மாலை நான்கு மணிக்கு அலுவலகக் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்படும். சமோசாவும் தேநீரும் வந்து சேரும். ஓய்வு பெறுபவருக்குச் சால்வை போர்த்தியபின், பேசுவோர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவருடைய நற்குணங்களை எடுத்துரைப்பர். அவ்வுரைகளுள் பெரும்பாலும் ஒரு வாக்கியம் இடம்பெற்றுவிடும்: "இத்தனை ஆண்டுப் பணியில் இவர் ஒரு நாளேனும் உடல்நலம் இல்லை என்று விடுப்பு எடுத்ததில்லை." உடனே கூடம் முழுவதும் கைதட்டும்.

நானும் பலமுறை கைதட்டியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய விழா ஒன்றில் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அன்று ஓய்வு பெற்றவர் எனக்கு அடுத்த மேசைக்காரர். அவர் நோயே அறியாதவர் அல்லர். தில்லியின் ஜனவரிப் பனியில் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, இருமியவாறே அவர் கோப்பு எழுதியதைக் கண்டவன் நான். நண்பகல் உணவு வேளையில் டப்பாவைத் திறக்காமலே மேசைமீது தலை சாய்த்துக் கிடந்ததையும் கண்டிருக்கிறேன். ஆகவே அந்தப் பாராட்டின் உட்பொருள் அவர் நோயுறவில்லை என்பதன்று. நோயுற்றும் வந்தார் என்பதே. அதைத்தான் நாங்கள் கைதட்டிப் புகழ்ந்தோம். எதை இன்று ஒருவரிடம் புகழ்கிறோமோ, அதை நாளை மற்றவரிடம் எதிர்பார்க்கத் தொடங்குகிறோம். நோயுற்ற ஊழியர் பணிக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அறமாகுமா என்னும் வினா அன்றுமுதல் என்னை விடவில்லை. அதை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். விடுப்புக் கணக்குகளைப் பார்ப்பது சில காலம் என் பணியாகவே இருந்தது. அதனால் இங்குச் சற்று விரிவாகச் சொன்னால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் விடுப்பை 1972-ஆம் ஆண்டு விதிகள் ஆள்கின்றன. ஆண்டுக்கு 30 நாட்கள் ஈட்டிய விடுப்பு. 20 நாட்கள் அரை ஊதிய விடுப்பு. இது ஜனவரி முதல் நாளில் பத்தும் ஜூலை முதல் நாளில் பத்துமாகக் கணக்கில் ஏறும். மருத்துவச் சான்று தந்தால் அரை ஊதிய நாட்கள் இரண்டைக் கொடுத்து முழு ஊதிய நாள் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். இதையே அலுவலகத்தில் 'கம்யூடட் லீவு' என்கிறோம். இவையன்றித் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 8 நாட்கள். விடுப்பை எவரும் உரிமையாகக் கோர முடியாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆயினும் பொதுவாக நோக்கின் இவை கருணையற்ற விதிகள் அல்ல. நம் நாட்டில் உழைப்போர் பெரும்பாலோர்க்கு வாய்க்காத பேறு இது.

விதி இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, நாம் ஏன் காய்ச்சலோடு பேருந்து ஏறுகிறோம்? கடமையுணர்ச்சி என்போம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதுவன்று. இரண்டு நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டுமாயின், அரசு மருந்தகத்தில் காலையிலேயே சென்று வரிசையில் நிற்க வேண்டும். திரும்பவும் பணியில் சேரும்போது உடல் தேறியது என்று வேறொரு சான்றிதழ் வேண்டும். நோயைவிட அதற்கான காகிதம் களைப்புத் தருவது. ஆகவே சிறு நோய்க்கெல்லாம் தற்செயல் விடுப்பில் கைவைக்க வேண்டியிருக்கிறது. அது தீர்ந்தால் ஈட்டிய விடுப்பில். இங்கேதான் நம்மைப் போன்ற வெளிமாநிலத்தார்க்கு மட்டும் உரிய ஓர் இடர்ப்பாடு இருக்கிறது.

விடுப்பு என்பது நமக்கு ஓய்வு நாள் அன்று, அது ஊர். தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினாலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினாலும் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். அதற்கு மேல் சொந்த ஊருக்குப் பேருந்து. தங்கையின் திருமணம், குலதெய்வ வழிபாடு, தாயின் கண் அறுவை, நிலப் பத்திரத்துக்கு ஒரு கையெழுத்து என ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு வாரம் கழியும். உள்ளூர்க்காரருக்கு அரை நாளில் முடிகின்ற காரியம் அது. எனவே நம் இல்லங்களில் விடுப்பை நாணயம் போல எண்ணி எண்ணிச் சேர்க்கிறோம். தில்லியில் காய்ச்சலுக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு நாளும் ஊரில் பெற்றோரோடு இருக்கும் ஒரு நாளைத் திருடுவதாகவே தோன்றுகிறது. என் மனைவி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குப் போகாவிட்டால் என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் விடை, "தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டாமா?" என்பதே. அவளும் அதற்குமேல் பேசமாட்டாள்.

இந்தச் சேமிப்பை நான் இகழவில்லை. 2016-இல் என் தந்தையார் கும்பகோணத்தில் படுக்கையில் விழுந்தபோது, சேர்த்து வைத்திருந்த விடுப்பில் நாற்பது நாட்கள் அவர் அருகில் இருக்க முடிந்தது. அவருக்குக் கஞ்சி புகட்டினேன். இரவில் புரட்டிப் படுக்க வைத்தேன். அந்த நாற்பது நாட்களை வாங்குவதற்கு எத்தனை தலைவலிகளையும் எத்தனை காய்ச்சல்களையும் அலுவலகத்தில் வைத்துக் கழித்தேன் என்று கணக்கிட்டால், அது நட்டமான வாணிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆயினும் அந்த வாணிகத்தில் விலை கொடுத்தவன் நான் மட்டும்தானா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டு மார்ச் மாதம். நிதியாண்டின் இறுதி, கோப்புகள் மேசையில் மலையாகக் குவிந்திருந்தன. எனக்குக் கடுங்காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அலுவலகம் சென்றேன். பிரிவு அலுவலர் என் தோளைத் தொட்டு, சுடுவதை உணர்ந்து, "நீர்தான் ஐயா உண்மையான ஊழியர்" என்று இந்தியில் நாலுபேர் கேட்கச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு அன்று மாலைக்குள் பதினொரு கோப்புகளை முடித்து அனுப்பினேன்.

அவற்றுள் ஒன்று குடும்ப ஓய்வூதியக் கோப்பு. பணியிலிருக்கும்போதே இறந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவருடைய மனைவிக்கு உரியது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு முதல் பத்து ஆண்டுகள் கடைசி ஊதியத்தில் பாதியும், அதன்பின் நூற்றுக்கு முப்பதும் ஓய்வூதியமாகத் தரவேண்டும். நான் அன்று முதல் பத்தாண்டுக்குரிய கட்டத்தில் பிந்தைய தொகையை எழுதினேன். கணக்கு அலுவலகம் அதைக் கண்டுபிடித்துக் கோப்பைத் திருப்பியது. திரும்பிய கோப்பு புதிய நிதியாண்டின் காகிதக் கட்டுகளுக்கு அடியில் சிக்கியது. அந்த அம்மையாருக்கு முதல் ஓய்வூதியம் கிடைக்க மேலும் நான்கு மாதங்கள் ஆயின. அவர் இரண்டு முறை பள்ளிச் சிறுவன் ஒருவனை அழைத்துக்கொண்டு வந்து எங்கள் பிரிவின் வாயிலில் நின்றார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பையனின் கட்டணம் செலுத்தும் நாள் எது என்பதை மட்டும் தெரிவித்துவிட்டுச் சென்றார். பிழை யாருடையது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னைப் பாராட்டிய பிரிவு அலுவலருக்கும் தெரியும். ஆனால் அவர் அந்தப் பாராட்டைத் திரும்பப் பெறவில்லை.

விமானி ஒருவர் உடல் தகுதியில்லை என்று தாமே அறிந்த நிலையில் விமானம் ஓட்ட விதி அனுமதிப்பதில்லை. காய்ச்சலோடு விமானம் ஓட்டியவரை வீரர் என்று எவரும் சால்வை போர்த்தமாட்டார். அவர்மீது விசாரணை வைப்பார்கள். ஏன்? அவருடைய தடுமாற்றத்தின் விளைவு எல்லோருக்கும் தெரியும்படி வானத்திலிருந்து விழும். எழுத்தருடைய தடுமாற்றமோ ஓசையின்றி, யாரோ ஒரு கைம்பெண்ணின் சமையற்கட்டில் போய் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் தீங்கு என்று எண்ணுவதில்லை.

மறுபக்க வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவர் வேலை மறைந்து போவதில்லை. பக்கத்து மேசைக்குப் போகிறது. சாளரத்தின் முன் வரிசையில் நிற்போர், உள்ளே இருப்பவருக்குத் தலைவலி என்பதற்காகக் கலைந்து செல்ல முடியாது. அவர்களுள்ளும் காய்ச்சலோடு வந்து நிற்பவர் இருக்கலாம். மேலும் 'நோய்' என்ற சொல்லுக்கு எல்லை எது? தும்மல் ஒன்றுக்கே விடுப்பெடுத்தால் மழைக்காலம் முழுவதும் அலுவலகம் பூட்டியே கிடக்கும்.

பொய்ந்நோய் என்பதும் உண்டு. இல்லையென்று சொன்னால் விடுப்புக் கணக்கு பார்த்த என் கைகளே என்னைப் பழிக்கும். இடமாற்ற ஆணை வந்த மறுநாளே நெஞ்சுவலி வந்தவர்களை எனக்குத் தெரியும். பண்டிகையை ஒட்டி ஆண்டுதோறும் தவறாமல் முதுகு பிடித்துக்கொள்பவரையும் தெரியும். (அவர் நம்மவர் அல்லர் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நம்மவரே.) இப்படிப்பட்டோரை எண்ணியே மேலதிகாரிகள் எல்லோர்மீதும் ஐயம் கொள்கிறார்கள், சான்றிதழ் கேட்கிறார்கள், இரண்டாவது மருத்துவர் கருத்து வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் பல ஆண்டுகள் அந்தக் காகிதங்களைப் புரட்டியதில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. பொய் நோயாளியின் சான்றிதழில் பிழையே இராது. தேதி, முத்திரை, கையொப்பம் எல்லாம் சரியாக இருக்கும். ஏனெனில் அவருக்கு அதற்கான நேரமும் தெம்பும் இருந்தன. உண்மையாகவே நோயுற்றவருடைய விண்ணப்பம்தான் கோணலாக வரும். தேதி விட்டுப்போயிருக்கும்; முத்திரை இராது; மகன் கையில் கொடுத்தனுப்பிய கசங்கிய தாளாக இருக்கும். விதிப்படி அதைத் திருப்பி அனுப்பியவன் நான். ஐயத்தின் அடிப்படையில் கட்டிய வேலி, எவரைத் தடுக்கக் கட்டினோமோ அவரை விட்டுவிட்டு மற்றவரைக் குத்துகிறது. ஒருசிலர் ஏமாற்றுவதைப் பொறுத்துக்கொள்வது அரசுக்குச் சில நாள் ஊதியச் செலவு. உண்மை நோயாளியைப் பொய்யன் என்று நடத்துவதன் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் இறுதிக் குறளில் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்கிதையும் இவ்வாறே நான்கு கால்களைச் சொல்கிறது. இந்நான்கனுள் பணியளிப்பவன் எங்குமே இல்லை என்பதை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன். நிலமும் கடையும் தன்னுடையதாயின் அவன் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. மாத ஊதியத்தில் வாழும் நம் காலத்தில், நோயாளி படுத்திருக்கலாமா என்பதையே அவன்தான் முடிவு செய்கிறான். பேணுபவர் அருகில் இருக்கலாமா என்பதும் அவன் கையில்தான் இருக்கிறது; என் தந்தையாருக்கு நான் அந்த நான்காம் கூறாக இருக்க முடிந்தது, யாரோ ஓர் அதிகாரி என் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டதனால். அருமையான மருந்தும் சிறந்த மருத்துவரும் வாய்த்தும், விடுப்பு வாய்க்காதவனுக்கு அவை பாதிப் பயனே தரும்.

விடுப்பு வாய்த்தாலும், கூலியின்றி வாய்த்தால் பயனில்லை. இதை முதன்முதலில் ஒரு நாட்டளவில் சட்டமாக்கியது ஜெர்மனி. 1883-இல், பிஸ்மார்க் காலத்தில். தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து ஒரு நிதியில் பணம் போட, நோயுற்ற தொழிலாளிக்குப் பதின்மூன்று வாரம்வரை பாதிக் கூலி கிடைத்தது. பிஸ்மார்க் ஏழைகளுக்காக இரங்கி இதைச் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. பொதுவுடைமையாளர் பக்கம் தொழிலாளர் சாய்ந்துவிடுவர் என்ற அச்சமே காரணம். நம் நாட்டில் 1943-இல் பேராசிரியர் அடார்கர் இப்பொருளை ஆராய அமர்த்தப்பட்டு மறு ஆண்டு அறிக்கை தந்தார். அதன் வழியே 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் இதே தில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. இன்று அத்திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது, ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கிறது. 91 நாள் என்பது அதே பதின்மூன்று வாரம்தான். ஜெர்மானியர் போட்ட கணக்கு நூறாண்டுக்கு மேலாகியும் மாறவில்லை என்பது வேடிக்கையாக இருக்கிறது.

இத்திட்டங்களின் உட்கருத்து எளிது. நோய் என்பது நோயாளியின் குற்றமன்று. முதலாளியின் குற்றமும் அன்று. ஆகவே அதன் நட்டத்தை எவர் ஒருவர் தலையிலும் கட்டாமல் பலர் தோளில் பகிர்ந்து வைப்பதே முறை. ஊதியம் நிற்காது என்று உறுதியானபின் ஒருவர் சிறு சளியோடு தாமே விரும்பிப் பணிக்கு வந்தால் அது அவர் உரிமை. தொற்று இல்லையாயின் நான் தடுக்கமாட்டேன். ஊதியம் நிற்கும் என்ற நிலையில் அவர் வந்தால், 'தாமே விரும்பி வந்தார்' என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர் வழியாக வந்து தேநீர் தருபவரும் தரை துடைப்பவரும் இருக்கிறார்கள். நான் காய்ச்சலோடு வந்தால் பாராட்டுப் பெறுகிறேன். அவர்கள் காய்ச்சலோடு வந்தால் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. வராத நாளைக் கணக்கிட மட்டும் ஒப்பந்தக்காரர் தவறுவதில்லை.

2020 மார்ச்சில் நம் புகழ்மொழியெல்லாம் ஒரே வாரத்தில் தலைகீழாயிற்று. இருமலோடு வருபவர் நல்ல ஊழியர் என்ற நிலை போய், இருமலோடு வருபவர் குற்றவாளி என்ற நிலை வந்தது. 2014 முதல் தில்லி அலுவலகங்களில் விரல் வைத்துப் பதிவு செய்த கருவிகளையும் நிறுத்தி வைத்தார்கள். "உடம்பு சரியில்லையென்றால் தயவுசெய்து வராதீர்கள்" என்று என் மேலதிகாரி தொலைபேசியில் மன்றாடினார். கருணையின் குரல் அது என்று அப்போது நினைத்தேன். 2021 நவம்பரில் கருவிகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. அடுத்த குளிர்காலத்திலேயே பழைய பேச்சும் திரும்பிவிட்டது: "சாதாரணக் காய்ச்சல்தானே, ஒரு மணி நேரம் வந்து போகக் கூடாதா?" அப்போதுதான் தெரிந்தது, இடைக்காலத்தில் மாறியது நம் அறவுணர்வு அன்று, அச்சம் என்பது. நோயாளிக்காக நாம் அவரை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை, நமக்காகச் சொன்னோம்.

இதுகாறும் அலுவலகத்தையே பேசினேன். அலுவலகத்தில் நான் விடுப்புக் கேட்பவன். கொடுக்கும் இடத்தில் இருப்பவர் வேறொருவர். ஆனால் நம் இல்லங்களில் நாமே பணியளிப்போர் என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகப் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கும் அம்மையார் விழுப்புரம் பக்கத்தவர். ஜங்புராவின் மதராசி முகாமில் குடியிருந்தவர். தில்லித் தமிழருள் அம்முகாமை அறியாதவர் குறைவு. பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில் பல்லாண்டுகளாக இருந்த அது நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் முதல் நாளில் இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் என்று கணக்கிடப்பட்டவர்க்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். முன்பு பத்து நிமிடம் நடந்து வந்தவர் இப்போது இருள் பிரியுமுன் புறப்பட்டு இரண்டு பேருந்து மாறி வருகிறார். ஊரும் மொழியும் ஒன்றாக இருந்தும், அவர் புலம்பெயர்ந்ததற்கும் நான் புலம்பெயர்ந்ததற்கும் இடையே ஒரு விடுப்புக் கணக்கு இருக்கிறது. எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. வீட்டு வேலை செய்வோருக்கென உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை.

நாட்டைக் குறை சொல்வது எளிது. என் வீட்டுக்கு வருகிறேன். 2018 மழைக்காலத்தில் அந்த அம்மையார் காய்ச்சலில் ஆறு நாட்கள் வரவில்லை. எங்கள் சமையலறையில் தினசரி நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாத நாட்காட்டி ஒன்றும் தொங்கும். அதில் அந்த ஆறு தேதிகளையும் வட்டமிட்டவன் நான். மாத இறுதியில் ஆறு நாள் ஊதியம் குறைத்துக் கொடுத்தோம். என் மனைவி சற்றுத் தயங்கினாள். "கணக்கு கணக்காக இருக்கட்டும்" என்றேன். அந்த அம்மையார் பணத்தை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். சான்றிதழ் கேட்காததைக்கூடப் பெருந்தன்மை என்று நான் அன்று எண்ணியிருப்பேன் போலும்.

இரண்டே ஆண்டு கழித்து, 2020 ஊரடங்கில் அவர் மூன்று மாதம் வரவில்லை. மூன்று மாத ஊதியத்தையும் முழுமையாகக் கொடுத்தோம். அக்கம்பக்கத்தில் பலரும் அவ்வாறே செய்தனர். அதைப் பற்றி நமக்குள் நல்ல பேச்சும் நடந்தது. அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நாணமாயிற்று. நோய் அவருக்கு மட்டும் இருந்தபோது ஊதியம் பிடித்தோம். நோய் அவரிடமிருந்து நமக்கு வந்துவிடுமோ என்றபோது ஊதியம் கொடுத்து விலக்கி வைத்தோம். என் மேலதிகாரியைப் பற்றி மேலே எழுதியது முழுவதும் எனக்கும் பொருந்துகிறது.

சென்ற டிசம்பரில் ஒரு காலை, பனிமூட்டத்தில் பேருந்து தாமதமாகி, ஒன்பது மணிக்கு அவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. குழாய்த் தண்ணீரில் கை வைத்ததும் நடுங்கினார். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உடனே உட்கார வைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். "உடம்பு இப்படிச் சுடுது, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள். "வராட்டி வூட்ல என்னம்மா பண்றது?" என்று அவர் சிரித்தார். வராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அப்போது அலுவலகத்துக்குப் புறப்பட்டுக் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு நானும் மனைவியும் உட்கார்ந்து பேசினோம். அரசு எனக்குத் தருவதில் ஒரு பகுதியையாவது நான் அவருக்குத் தருவது என்று முடிவாயிற்று. ஆண்டுக்கு எட்டு நாள், காரணம் கேட்காமல். நோய்க்கு மேலும் பத்து நாள், முழு ஊதியத்தோடு. பத்துக்கு மேல் போனால் பாதி. இதில் எங்களுக்குள் ஒரு கருத்து வேற்றுமை உண்டு. பத்து நாளுக்கு மேல் என்றால் மருத்துவர் சீட்டு கேட்கலாம் என்பது மனைவியின் எண்ணம். வேண்டாம் என்பது என்னுடையது. அவள் என்னைப் போல விடுப்புக் கணக்கு பார்த்தவள் அல்லள். ஆனால் மாதச் செலவைப் பார்ப்பவள் அவளே. பேச்சு இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டார் இருவரிடம் சொன்னோம், ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர், நாங்கள் இப்படிப் பழக்கினால் அந்த அம்மையார் மற்ற வீடுகளிலும் கேட்பார் என்று வருந்தினார். கேட்பார்தான். கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் அவர் என்னோடு முன்போல் பேசுவதில்லை.

இந்த ஆண்டு நாட்காட்டியில் நான் வட்டமிடவில்லை. அதன் ஓரத்தில் பதினெட்டுக் கோடுகள் போட்டு, எடுத்த நாளுக்கு ஒன்றாக அடித்துவிடும்படி அந்த அம்மையாரிடமே பென்சிலைக் கொடுத்தோம். பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் மீண்டும் இருமலோடு வந்தார். "இன்றைக்கு ஒரு கோட்டை அடித்துவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்றேன்.

"வேணாம் சார்," என்றார். "அந்த நாளையெல்லாம் சேத்து வெச்சிருக்கேன். பங்குனியில ஊருக்குப் போவணும். அம்மாவப் பாத்து மூணு வருசம் ஆவுது."